காற்று விடும் நாளில்: ஃபிட்ஸ் ராய் மலைகளில் நடக்கவும் படம் எடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டகோனியாவின் தெற்கில், அர்ஜென்டினாவும் சிலியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், 3,405 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு கருங்கல் மலை நிற்கிறது. அங்கே வாழ்ந்த தெஹுவெல்சே மக்கள் அதைச் சால்ட்டேன் என்றார்கள். புகையும் மலை என்று பொருள் சொல்வார்கள். அது எரிமலை கிடையாது. உச்சியில் ஓயாமல் ஒட்டிக் கிடக்கும் மேகம்தான் அந்தப் புகை. 1877இல் அந்தப் பக்கம் வந்த அர்ஜென்டின ஆய்வாளர் ஃபிரான்சிஸ்கோ மொரேனோ, பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பெயரை மலைக்கு வைத்துவிட்டார். பழைய பெயர் அடிவாரத்து ஊருக்கு வந்து சேர்ந்தது: எல் சால்ட்டேன். கேமராவோடு போகிறவர்கள் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் போகும் வாரத்தில் அந்த மலை பாதி நாட்கள் புகைக்குள்தான் இருக்கும்.

நான் முதல் தடவை போனபோது மூன்று லென்ஸ், இரண்டு கேமரா, ஒரு கனமான டிரைபாட், மூன்றே மூன்று நாட்கள். மூன்று நாளும் மலை தெரியவில்லை. நான்காம் நாள் காலை, விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது, துடைத்து வைத்தது போல. லென்ஸைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள் என்று இந்த வழிகாட்டி நெடுக நான் சொல்லிக்கொண்டே இருக்கப்போவது அதனால்தான்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது

எல் சால்ட்டேன் ஏறக்குறைய 49 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உலகைச் சுற்றி வந்தால் தென் அமெரிக்காவின் வாலைத் தவிரச் சில தீவுகள்தான் எதிர்ப்படும். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பசிபிக் முழுவதும் தடையே இல்லை. அது வந்து மோதும் முதல் சுவர் ஆண்டிஸ். ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழும். அந்தப் பனி சேர்ந்து இறுகியதுதான் சுமார் 350 கிலோமீட்டர் நீளமுள்ள தென் பட்டகோனியப் பனிவயல். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வறண்டு, வேகம் கூடி, ஊர் மேல் விழுகிறது. கொஞ்சம் கிழக்கே போனால் வெறும் புல்வெளி, முள்புதர், தூசி.

இதில் நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வரும். ஆகவே எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம், கூடாரத்தை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதை வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். இரண்டாவது, மழை பெய்யும் இடமும் வெயில் அடிக்கும் இடமும் அங்கே ஒரு மணி நேர நடைத் தூரத்தில் இருக்கும். மலையடிவாரத்தில் நனைந்துகொண்டிருக்கும்போது ஊரில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நடைக்காலம் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. டிசம்பர், ஜனவரியில் பகல் மிக நீளம். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை ஐந்தே முக்காலுக்கு உதித்து இரவு பத்து மணிக்கு மறைகிறது. நடப்பதற்கு வசதிதான். ஆனால் கூட்டமும் அப்போதுதான், காற்றும் அப்போதுதான் அதிகம். விடியலைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதுமே ஊரிலிருந்து கிளம்ப வேண்டும்.

என் ஓட்டு ஏப்ரலுக்கு. குறிப்பாக இரண்டாவது, மூன்றாவது வாரம். லெங்கா மரங்கள் சிவப்பும் ஆரஞ்சுமாக மாறியிருக்கும். காற்று ஓரளவு தணிந்திருக்கும். சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும் என்பதால் விடியல் படத்துக்கு மனிதர் எழும் நேரத்தில் எழுந்தால் போதும். அதற்கு விலையும் உண்டு. இரவில் உறைகுளிர், எப்போது வேண்டுமானாலும் பனி, சீக்கிரம் இருட்டு, பஸ்கள் குறைவு. குளிர் ஒத்துவராதவர்கள் மார்ச்சில் போகலாம்.

இரவு வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கும் ஏப்ரல்தான். டிசம்பரில் பால்வீதியின் மையப் பகுதி சூரியனோடு சேர்ந்து மறைந்து கிடக்கும். இரவும் முழுதாக இருட்டாது. ஏப்ரலில் விடியலுக்கு முன் அந்த மையம் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருக்கும். 1520இல் இந்த நிலத்தின் தெற்கே கப்பலோட்டிப் போன மெகல்லனின் பெயரைத் தாங்கிய இரண்டு மெகல்லன் மேகங்களையும் ஆண்டு முழுவதும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அமாவாசையை ஒட்டி நாள் குறியுங்கள்.

படி 2: எத்தனை நாள்

ஊரில் குறைந்தது ஏழு இரவு. முக்கியமான நடைகள் மூன்று, அவற்றுக்கு மூன்று நாள் போதுமே என்று கணக்குப் போடத் தோன்றும். நானும் அப்படித்தான் போட்டேன். மிச்சமுள்ள நாட்கள் வீண் அல்ல. அவை காற்றுக்கு விட்டுக்கொடுக்க. "செவ்வாய் லகூனா டோரே, புதன் ஃபிட்ஸ் ராய்" என்று தேதி போட்டுப் பட்டியல் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: தெளிந்த வானம், குறைந்த காற்று என்றால் இந்த நடை, மேகம் தாழ்ந்திருந்தால் காட்டுக்குள் அந்த நடை, புயல் என்றால் தூக்கம், பேட்டரி சார்ஜ், துணி துவைத்தல். ஒவ்வொரு மாலையும் முன்னறிவிப்பைப் பார்த்து, மறுநாளுக்குப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் எந்த நீண்ட நடையையும் வைக்காதீர்கள். கடைசி நாள் என்ற எண்ணம் வந்துவிட்டால் திரும்ப வேண்டிய இடத்தில் மனிதர் திரும்புவதில்லை.

படி 3: போய்ச் சேருவது

புவனோஸ் அயர்ஸிலிருந்து எல் கலஃபாத்தேவுக்கு விமானம். அங்கிருந்து சுமார் 215 கிலோமீட்டர் பஸ், மூன்று மணி நேரம். வழி நெடுகப் புல்வெளிதான். வானம் தெளிந்திருந்தால் போகும்போது இடப்பக்கச் சன்னலில் உட்காருங்கள். எல் சால்ட்டேன் 1985இல்தான் உருவான ஊர். சிலியோடு எல்லைத் தகராறு இருந்த காலத்தில், இது எங்கள் நிலம் என்று காட்ட அர்ஜென்டினா அவசரமாகக் குடியேற்றிய இடம். இன்று அந்நாட்டின் மலைநடைத் தலைநகர் என்று பெயர் வாங்கிவிட்டது.

ஊருக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் காலியாகிவிடுவது சகஜம், இணையம் நொண்டும். தேவையான பெசோவைக் கலஃபாத்தேவிலேயே எடுத்துக்கொண்டு, வரைபடங்களையும் அங்கேயே செல்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மலைகள் லோஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. நீண்ட காலம் இலவசமாக இருந்த இந்த வடக்குப் பகுதிக்கும் 2024 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டண விவரமும் முகாம் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

படி 4: பையைக் கட்டுவது

முதலில் ஒரு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் அசையாமல் நின்ற டிரைபாட், 80இல் ஏன் பறக்கிறது என்பதற்கு விடை இதுதான். குளிரும் அப்படியே. வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 2 போல இருக்கும். வெப்பமானி 0 காட்டினால் மைனஸ் 9. ஒரு பாறைக்குப் பின்னால் அரை மணி நேரம் அசையாமல் ஒளிக்காகக் காத்திருக்கப்போகிறவர் இந்த எண்ணை வைத்துத்தான் உடை எடுக்க வேண்டும். நடப்பவருக்கு உடம்புச் சூடு இருக்கிறது, காத்திருப்பவருக்கு இல்லை.

உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். அதற்கு மேல், நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு தடித்த ஜாக்கெட் தனியாக வேண்டும். பருத்தி எதுவும் வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி: மெல்லியதன் மேல் தடித்தது. மெல்லியதோடு கேமராவின் பொத்தானை அழுத்திப் பழகிவிட்டு வாருங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு இல்லையென்றால் அது உங்களுடையது அல்ல, அர்ஜென்டினாவுடையது.

முதுகுப்பைக்கு மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள். காற்று அதைப் பலூனாக ஊதிக் கழற்றிக்கொண்டு போய்விடும். பையின் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். போஞ்சோவும் அப்படித்தான், அந்த மலையில் அது பாய்மரம். நடைக்கம்புகள் இரண்டு கட்டாயம். இறக்கத்தில் முழங்காலுக்கும், காற்றில் மூன்றாவது, நான்காவது காலாகவும் உதவும்.

கூடாரம் எடுப்பதானால் தாழ்ந்த உருவம், வலுவான கம்புகள், இழுகயிறு கட்ட நிறைய வளையங்கள். எடையை மட்டும் பார்த்து வாங்கிய ஒற்றைச் சுவர்க் கூடாரங்கள் இங்கே ஓர் இரவில் முடிந்துவிடும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. எல் சால்ட்டேனிலேயே கிடைக்கும்.

இப்போது கேமரா. ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். 16 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஒன்று, 70 முதல் 200 வரை எடை குறைந்த ஒன்று. நடுவில் உள்ள இடைவெளி முதல் நாள் உறுத்தும், இரண்டாம் நாள் மறந்துவிடும். காற்றில் லென்ஸ் மாற்றவே பிடிக்காது என்பவர் 24 முதல் 120 வரை ஒரே லென்ஸோடு போகலாம். நான் குறை சொல்ல மாட்டேன். ஏரிக்கரைகளில் காற்று கிளப்பும் மணல் மாவு போல நுணுக்கமானது, பனியாறு பாறையை அரைத்த தூள் அது. லென்ஸ் கழற்றிய கேமராவுக்குள் புகுந்தால் அந்தப் பயணம் முழுக்க ஒவ்வொரு படத்தின் வானத்திலும் கரும்புள்ளிகள்தான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதுகுப்பைக்குள் கையை விட்டு, பையின் வாயை உடம்போடு அணைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பேட்டரி நான்கு. நடக்கும்போது உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். துடைக்கும் துணி குறைந்தது ஐந்து. ஒன்று நனையும், ஒன்று பறக்கும், ஒன்றில் மணல் ஒட்டும். டிரைபாட் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 5: முன்னறிவிப்பை வாசிப்பது

விண்ட்குரு, மீட்டியோபுளூ என்ற இரண்டு வானிலை இணையதளங்களையும் எல் சால்ட்டேனில் எல்லாரும் பார்க்கிறார்கள். தங்கும் விடுதிகளில் மாலை நேரப் பேச்சே அதுதான். மழைக் குறியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் பாருங்கள்: சராசரிக் காற்று, வீச்சுக் காற்று (திடீரென்று சில நொடி மட்டும் பாய்வது), வெவ்வேறு உயரங்களில் மேகம். ஆளைக் கீழே தள்ளுவது வீச்சுக் காற்றுதான். காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் மணிக்கு 62 கிலோமீட்டரிலிருந்து நடப்பதே சிரமம் என்று குறித்திருக்கிறார்கள். ஊருக்கான முன்னறிவிப்பில் வீச்சு 60 என்றிருந்தால் மேலே திறந்த வெளியில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த நாளைக் காட்டுப் பாதைக்கு ஒதுக்குங்கள்.

வானத்தையும் வாசிக்கலாம். அடுக்கி வைத்த தட்டுகள் போல வழுவழுப்பான மேகங்கள் மலைக்குப் பின்னால் அசையாமல் நின்றால், மேலே பலத்த காற்று ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலும் வானிலை மாறப்போகும் அறிகுறி. நாளை நடை வேண்டாம். இன்று மாலை படத்துக்கு அதைவிட நல்லது எதுவும் வேண்டாம்.

படி 6: நடைகள், நான் போகும் வரிசையில்

*லகூனா டோரே.* முதல் நாளுக்கு இது. போய்வர சுமார் 18 கிலோமீட்டர், ஏற்றம் குறைவு. மூன்று கிலோமீட்டருக்குள் முதல் காட்சிமுனை வந்துவிடும். ஏரிக்கரையில் மிதக்கும் பனிக்கட்டிகள், பின்னால் 3,128 மீட்டர் செரோ டோரே. 1959இல் இதில் ஏறியதாக ஓர் இத்தாலியர் சொன்னதை மலையேறிகள் இன்றும் நம்புவதில்லை. சர்ச்சையில்லாத முதல் ஏற்றம் 1974இல்தான். ஃபிட்ஸ் ராய் உச்சியை அதற்கு முன்பே, 1952இல், லியோனல் தெரேயும் கீடோ மஞோனும் தொட்டுவிட்டார்கள். டோரேவின் உச்சி தெரிவது அபூர்வம். ஆனால் இந்தப் பாதையில் ஒரு வசதி: உச்சி தெரியாவிட்டாலும் ஆறும், காடும், பனிக்கட்டியும் படத்துக்குக் கிடைக்கும். மேகமூட்டமான நாளிலும் கை காலியாகத் திரும்ப மாட்டீர்கள்.

*லகூனா தே லோஸ் த்ரெஸ்.* எல்லாரும் வருவது இதற்குத்தான். போய்வர 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதல் நான்கு கிலோமீட்டரில் கப்ரி ஏரி, எட்டாவதில் புவான்சனோ முகாம், அப்புறம் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் 400 மீட்டர் செங்குத்து ஏற்றம். கற்கள் தளர்ந்து கிடக்கும், காற்று திறந்து அடிக்கும். இந்த ஒரு கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விடியலுக்கு ஏறப் புவான்சனோவில் ஓரிரவு தங்குவதுதான் புத்திசாலித்தனம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். ஊரிலிருந்து நேராக வந்தால் இருட்டில் நான்கு மணி நேரம். ஏரியிலிருந்து பார்த்தால் மலை மேற்கே இருக்கிறது. முதல் ஒளி நேராக அதன் முகத்தில் விழும். சாம்பல், ஊதா, பிறகு ஐந்து பத்து நிமிடம் நெருப்பு, அவ்வளவுதான். சூரியன் உதிப்பதற்கு 45 நிமிடம் முன்பே மேலே இருங்கள். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும், ஏப்ரலில் கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி. பாறையில் விழும் நிழலின் திசை இதனால் மாறும். பிற்பகலில் இங்கே வராதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய், கருங்கல் வெறும் கரிய நிழலாகத் தட்டையாகிவிடும்.

மேலே போய்விட்டால் ஏரியின் இடப்பக்கம் சற்று நடந்து கீழே எட்டிப் பாருங்கள். லகூனா சூசியா, வேறொரு நீலம். பலர் இதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

*லோமா தெல் பிளியெகே தும்பாதோ.* பெயரை விடுங்கள், வேறு எங்கும் இல்லாத காட்சி இது. சுமார் 1,490 மீட்டர் உயரமுள்ள மொட்டை முகடு. அங்கிருந்து ஃபிட்ஸ் ராய், டோரே இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிக்கலாம். ஒதுங்க ஓர் இடம்கூடக் கிடையாது. காற்றில்லாத நாள் வாரத்தில் ஒன்று கிடைத்தால், என் யோசனை, அதை இதற்குக் கொடுங்கள். ஃபிட்ஸ் ராய் விடியலுக்கு ஓரளவு காற்று இருந்தாலும் பரவாயில்லை.

*உவேமுல் சுற்று.* இது வேறு தரம். சுமார் 65 கிலோமீட்டர், நான்கு நாள், ஆறுகளின் மேல் இரும்புக் கம்பியில் தொங்கிக் கடக்கும் இரண்டு இடங்கள். பூங்காக் காவலர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இடுப்புக்கச்சை, எஃகுக் கொக்கி, பாதுகாப்புக் கயிறு எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டாம் நாள் கடக்கும் கணவாயின் பெயரே பாசோ தெல் வியெந்தோ, காற்றுக் கணவாய். ஏறி நின்றதும் எதிரே பனிவயலும் வியெத்மா பனியாறும் விரியும், காற்று முகத்தில் அறையும். மூன்றாம் நாள் உவேமுல் கணவாயிலிருந்து ஏரிக்கு இறங்கும் சுமார் 700 மீட்டர் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். முன்பு பல நாள் நடை போயிராதவர்கள், தனியாக வந்தவர்கள் இதை விட்டுவிடலாம். ஆறுகளை அங்கே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிட்ஸ் ராயில் முதலில் ஏறிய பிரெஞ்சுக் குழுவில் ஒருவரான ஜாக் புவான்சனோ மலையில் சாகவில்லை. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கினார். முகாமுக்கும் பக்கத்துச் சிகரத்துக்கும் அவர் பெயர்.

படி 7: காற்றில் நடப்பதும் தங்குவதும்

வீச்சு வருவதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கேட்கலாம், தூரத்து ரயில் போல ஓசை வரும். ஏரியில் நுரை ஓடி வருவதும் தெரியும். உடனே காலை அகட்டி, கம்புகளை ஊன்றி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் குந்துங்கள். கடந்ததும் நடங்கள். முகட்டு ஓரத்தில் படம் எடுக்க நிற்பதானால், காற்று உங்களைச் சரிவை நோக்கித் தள்ளுகிறதா, மலையை நோக்கித் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்னால் ஓரடி வைப்பது எந்த மலையிலும் கெட்ட பழக்கம். இங்கே கூடவே கூடாது.

கூடாரம் போடும்போது காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடித்துவிட்டுத்தான் கம்பைச் சொருக வேண்டும். தாழ்ந்த பக்கம் மேற்கே. உள்ளே எடை வைக்காமல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராதீர்கள். லெங்கா மரக் காடு நல்ல மறைப்பு, ஆனால் மேலே பட்ட கிளைகள் தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தீ மூட்டுவது முழுத் தடை. அந்தக் காற்றில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைச் சிலி பக்கத்து டோரெஸ் தெல் பைனே பூங்கா பார்த்திருக்கிறது. 2005இல் ஒரு சுற்றுலாப் பயணியின் சமையல் அடுப்பிலிருந்து பரவிய தீ சுமார் 15,000 ஹெக்டேரைத் தின்றது. அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, கல் மறைப்பில், கவனத்தோடு.

படி 8: காற்றில் படம் எடுப்பது

டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகல விரித்து, முழங்கால் உயரத்துக்கும் கீழே. பையைத் தொங்கவிட்டு எடை கூட்டலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். காற்றில் அந்தப் பை ஊஞ்சலாடி டிரைபாட்டையே ஆட்டும். தொங்கும் பையின் அடி தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் உதவும். கேமராவின் தோள்பட்டை வாரைக் கழற்றுங்கள். படபடத்து அதுவே அதிர்வைத் தரும். லென்ஸின் முன் கூம்பும் காற்றைப் பிடிக்கும், வெயில் நேராக விழாவிட்டால் அதையும் கழற்றலாம். எல்லாம் செய்துவிட்டு டிரைபாட்டை விட்டு ஓரடி நகரக் கூடாது. லகூனா டோரே கரையில் ஒருவரின் டிரைபாட் கேமராவோடு தண்ணீரில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தேநீர் ஊற்றத்தான் திரும்பினார்.

பல நாட்களில் டிரைபாட்டே வேண்டாம். பாறை மேல் முதுகுப்பையைக் கிடத்தி, அதன் மேல் கேமராவை அழுத்திப் பிடித்து எடுத்தால் அசைவு குறைவு. கையில் பிடித்து எடுக்கும்போது நம் உடம்பே ஆடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். அகன்ற லென்ஸிலும் ஷட்டரை 500இல் ஒரு பங்கு நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றாவது கூர்மையாக இருக்கும்.

ஏரி நீரை வழுவழுப்பாகக் காட்ட முப்பது நொடி திறந்து வைக்கும் வித்தை இங்கே பலிக்காது. இரண்டு வீச்சுகளுக்கு நடுவே கிடைக்கும் அமைதியில் ஒரு நொடிப் படங்களாக இருபது எடுத்து, பிறகு கணினியில் சராசரி செய்து சேர்த்தால் அதே விளைவு வரும். ஆடிப்போனதைக் கழித்துவிடலாம்.

விடியலில் இரண்டு தவறுகள் வழக்கம். ஒன்று, தானியங்கி வெள்ளைச் சமநிலை. கருங்கல் சிவக்கும்போது கேமரா அதைப் பிழை என்று நினைத்து வெளுக்க வைக்கும். பகலொளி அமைப்பில், 5,500 கெல்வின் அருகே, பூட்டிவிடுங்கள். ரா கோப்பு எடுப்பவர்களுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த இடத்திலேயே திரையில் நிறத்தைச் சரியாகப் பார்த்தால்தான் எப்போது நிறுத்துவது என்று தெரியும். இரண்டாவது, முன்னால் இருட்டு, மேலே நெருப்பு. ஒளி வேறுபாடு நான்கைந்து ஸ்டாப் வரும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). பாதிக்கறுப்புக் கண்ணாடி வடிகட்டி இங்கே பொருந்தாது. அதன் நேர்க்கோடு சிகரங்களை வெட்டும். வெவ்வேறு ஒளியளவில் மூன்று படம் வேகமாக எடுத்துச் சேர்ப்பதே மேல்.

துருவ வடிகட்டியை அகன்ற லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். தெளிந்த வானத்தில் கழற்றிவிடுங்கள். ஏரியின் பால் கலந்த நீலம் பாறைத்தூள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது, மேகமூட்டத்திலும் அது மின்னும்.

சரி, காற்றையே எப்படிப் படம் எடுப்பது? என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் சுவையான வேலை இதுதான், சிவந்த சிகரத்தைவிட. காற்று தெரியாது, அது செய்வது தெரியும். நீண்ட லென்ஸை எடுங்கள். சிகரத்தின் நுனியிலிருந்து பனித்தூள் கொடி போலப் பறப்பது, ஏரியின் மேல் தண்ணீர்ப் புகை சுழன்று ஓடுவது, ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்துவிட்ட மரங்கள், சிறகே அசைக்காமல் ஒரே இடத்தில் தொங்கும் காண்டோர் கழுகு. புல்லுக்கு மெதுவான ஷட்டர், எட்டில் ஒரு பங்கு நொடி போல. பக்கத்துப் பாறை கூர்மையாக, புல் மட்டும் கலைந்து. தட்டு மேகத்துக்கு வேறு யோசனை. காற்று மலைமுகட்டில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது, இறங்கும்போது கரைகிறது; ஆகவே காற்று ஓடிக்கொண்டிருக்க மேகம் மட்டும் நிற்கிறது. ஐந்து நொடிக்கு ஒரு படமாக அரை மணி நேரம் எடுத்து ஓட்டிப் பாருங்கள், அதன் விளிம்புகள் கொதிப்பது தெரியும்.

மாலையில் சூடான அறைக்குள் நுழையும்முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே ஈரம் படியாது. மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் கை சும்மா இருக்காது.

விதிகள் சில

டிரோன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. எல்லைக்கு இருபுறமும் பூங்காக்களில் இதுதான் நிலை. காண்டோர் பறக்கும் வானம், அந்தக் காற்றில் டிரோனும் திரும்பி வராது. உவேமுல் என்னும் மான் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பாதையில் எதிர்ப்பட்டால் அசையாமல் நின்று, தொலைவிலிருந்து எடுத்துக்கொண்டு, அதற்கு வழி விடுங்கள். ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து நன்றாக விலகிக் குழி தோண்டி மூடி, காகிதத்தை மட்டும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்; புதைத்த காகிதத்தைக் காற்று தோண்டி எடுத்துவிடும்.

நாட்கள் மிஞ்சினால்

எல்லை தாண்டிச் சிலியில் டோரெஸ் தெல் பைனே இருக்கிறது. அங்கே கதை நேரெதிர்: முகாம்களை மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும், கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது, எந்த இரவு எங்கே என்பது முன்பே முடிவாகிவிடும். நான்கைந்து நாள் நீளும் டபிள்யூ பாதையில் காற்றுக்கு விட்டுக்கொடுக்க ஒரு நாளும் இருக்காது. அதனால்தான் படத்துக்காக முதல் தடவை போகிறவரை எல் சால்ட்டேனுக்கு அனுப்புகிறேன். சிலிக்குப் போவதானால், பஸ் எல்லையை அடையும்முன் பையிலிருக்கும் பழம், காய்கறி, தேன், இறைச்சியைத் தின்று தீர்த்துவிடுங்கள். கொட்டைப் பருப்பு மாதிரி சந்தேகமானது இருந்தால் படிவத்தில் 'உண்டு' என்றே எழுதுங்கள். ஒளித்து வைத்த ஓர் ஆப்பிளுக்கும் அபராதம் போடுவார்கள், மொத்த பஸ்ஸும் உங்களுக்காகக் காற்றில் நிற்கும்.